இடைவெளி விடாமல் எழுதிய மழை

தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்த நேரத்தில் ஃபோன் அடித்தது. ஆயிஷா.

"ஏய் மல்லிகா... எம் மகன் பொறந்த நாளைக் காணோம்டி!"

மகனைக் காணோம் என்றால் பதறலாம். பர்த் சர்டிஃபிகேட்டைக் காணோம் என்றால் பீரோவில் தேடச் சொல்லலாம். பிறந்த நாளையே காணோம் என்றால்... என்ன செய்வது?

அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். இது நடந்தது போன வருஷம் மாசி மாதம். அன்றைக்குத் தொடங்கிய விஷயம் போன செவ்வாய்க்கிழமை காலையில்தான் முடிந்தது. அதனால்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

ஆயிஷாவும் நானும் மதுரையில் ஒரே கல்லூரி, ஒரே ஹாஸ்டல், ஒரே அறை. கணக்கில் அவள் என்னைவிடக் கெட்டி. படிப்பு முடிந்ததும் அவளுக்குக் கல்யாணம். உத்தமபாளையம் பக்கத்தில் ஒரு கிராமம். மலையிலிருந்து இறங்கி வரும் ஓடை ஒன்று ஊரை இரண்டாகப் பிரிக்கும். ஓடைக்கு இந்தப் பக்கம் ஊர், ரோடு, ஆஸ்பத்திரி. அந்தப் பக்கம் அவர்களுடைய திராட்சைத் தோட்டமும் வீடும். நடுவில் ஒரு தரைப்பாலம். மழைக்காலத்தில் அதன் மேலேயே தண்ணீர் போகும். அப்போது அந்தப் பக்கத்துக்காரர்கள் அந்தப் பக்கமே இருக்க வேண்டியதுதான்.

அந்த இடத்தில் ஒரு நல்ல பாலம் கட்டித் தர ஒரு அறக்கட்டளை முன்வந்திருந்தது. ஒரு டிசைன் கம்பெனி வரைபடம் போட்டுவிட்டது. முந்தின நாள் பள்ளிக்கூட ஹாலில் ஊர்க்காரர்களைக் கூட்டி, புரொஜெக்டரில் காட்டியிருக்கிறார்கள்.

"பாலம் எம்புட்டு ஒசரம்னு காட்டுனாக. எனக்குப் பகீர்னு இருந்துச்சு. அந்த ஒசரம் பத்தாதுடி. நான் கண்ணால பாத்த தண்ணி அதுக்கு மேல போச்சு. எந்திரிச்சு சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"அந்த இஞ்சினியர் புள்ள மரியாதையாத்தான் பேசுச்சு. 'மலை மேல ஏலக்காய் எஸ்டேட்டுல தினம் அளந்த மழைக் கணக்கு எங்ககிட்ட இருக்கும்மா, அதை வச்சுத்தான் போட்டோம்'னு சொல்லுச்சு. சரி, யூசுப் பொறந்த வருஷம் நவம்பர் ஒன்பதாம் தேதியைக் காட்டு தாயின்னேன். தேடிப் பாத்துட்டு, 'அந்தத் தேதியே இதுல இல்லையேம்மா'ங்குது. அந்த வருஷத்துலயே பெரிய மழை ஜூன் மாசந்தானாம். அதுவும் கொஞ்சூண்டு!"

"ஊர்ல வேற யாரும் பேசலையா?"

"சிரிச்சாய்ங்க. பிரசவ வலியில இருந்தவளுக்கு ஓடை கடலாத் தெரிஞ்சிருக்கும்னு ஒருத்தன் சொல்றான்."



யூசுப் பிறந்த கதை எனக்குத் தெரியும். அப்போது அவள் எழுதிய கடிதத்தை ரொம்ப நாள் வைத்திருந்தேன். காலையில் வலி எடுத்திருக்கிறது. அவள் கணவர் ஜமால் அண்ணன் டிராக்டரில் உட்காரவைத்து ஓடை வரை கூட்டிவந்திருக்கிறார். தரைப்பாலமே கண்ணுக்குத் தெரியவில்லை. அதன் மேல் இடுப்பளவு தண்ணீர். டிராக்டரை இறக்கிப் பார்த்து, முன் சக்கரம் இழுபடவும் பின்னால் எடுத்துவிட்டார். பக்கத்துத் தோட்டத்து வீராயி அக்கா ஓடி வந்து, மோட்டார் ரூமில் வைத்துப் பிரசவம் பார்த்தார். பிள்ளை அழவில்லை. வீராயி அக்கா தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டிய தட்டில்தான் முதல் மூச்சு வந்தது. ரத்தப்போக்கு நிற்காமல், வெள்ளம் வடிந்து மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் வரை ஆயிஷாவுக்குப் பாதி நினைவுதான்.

அப்பேர்ப்பட்ட நாள்... கணக்கில் இல்லையாம்.

"எந்த எஸ்டேட் கணக்குன்னு சொன்னாங்க ஆயிஷா?"

சொன்னாள்.

அந்தக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றியவள்... நான்.

உங்களில் பலருக்குத் தெரியும், பத்தி எழுத வருவதற்கு முன்னால் நான் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தவள். கல்லூரி முடித்து இரண்டு மூன்று வருஷத்தில் மதுரையில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை. ஒரு கம்ப்யூட்டர், இரண்டு ஃபேன், மூன்று பேர். ஃபோர்ட்ரான் என்று ஒரு மொழி. இன்றைக்குள்ள பிள்ளைகளிடம் சொன்னால் ஏதோ கல்வெட்டைப் பற்றிப் பேசுவதுபோலப் பார்க்கிறார்கள்.

அந்த ஏலக்காய் எஸ்டேட் தன்னுடைய பழைய மழை ரிஜிஸ்டர்களையெல்லாம் எங்களிடம் கொடுத்திருந்தது. பல வருஷத்து மழை. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு எண், மில்லிமீட்டரில். அதையெல்லாம் ஒரே ஃபைலாக ஆக்கித் தந்தோம். கை மாறிக் கை மாறி, ஃப்ளாப்பியிலிருந்து சிடிக்கும், சிடியிலிருந்து பென் டிரைவுக்கும் போய், இத்தனை வருஷம் கழித்து அது பாலம் கட்ட வந்திருக்கிறது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே? எனக்குச் சந்தோஷமாக இல்லை.

டைப் செய்யும்போது ஒரு நாளை விட்டுவிட்டோமா? ஒரு பக்கத்தையே புரட்டிவிட்டோமா? யூசுப் பிறந்த நாளை நான்தான் தொலைத்தேனா?

ஞாயிற்றுக்கிழமை அந்த இஞ்சினியர் மறுபடி ஊருக்கு வருவதாக ஆயிஷா சொன்னாள். இனி பேச்சில்லை, அன்றைக்கே முடிவு. ஞாயிறு காலை நான் இருக்கும் தேனியில் பஸ் ஏறினேன். ஜமால் அண்ணன் உத்தமபாளையம் ஸ்டாண்டில் பைக்கோடு நின்றார்.

"வா தங்கச்சி. அவ மூணு நாளா ஒழுங்காச் சாப்பிடலை. அவுக போட்ட பாலமாவது வரட்டும்னு ஊர்ல சொல்றாக. கிடைக்கிறதைக் கெடுத்துறாதீகன்னு என்னையும் பிடிச்சுக் கேட்டாக. அவ கேக்க மாட்டேங்கிறா."

"நீங்க என்னண்ணே சொல்றீங்க?"

அவர் பைக்கைக் கிளப்பிக்கொண்டே சொன்னார்: "அன்னைக்கு அந்தத் தண்ணியில டிராக்டரை இறக்குனவன் நான். எனக்குத் தெரியாதா அது எம்புட்டு ஒசரம்னு?"

பள்ளிக்கூட ஹாலில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். இஞ்சினியர் பெயர் கார்த்திகா. கோயம்புத்தூர்ப் பெண். முப்பது வயது இருக்கலாம். திமிர் இல்லாத முகம். நான் யார் என்று சொன்னதும் எழுந்து நின்றுவிட்டாள்.

"மேடம், அந்த டேட்டாவை என்டர் பண்ணது நீங்களா? உங்களைத்தான் தேடிட்டிருந்தேன். பழைய ஃபைல்ல நிறைய வரி கரப்ட் ஆயிருக்கு. படிக்க முடியாத வரியையெல்லாம் எடுத்துட்டுத்தான் யூஸ் பண்ணோம்."

"எடுத்துட்டா...? கணக்குப்படி அதிகபட்ச மழை எவ்வளவு வந்தது?"

"தொண்ணூத்தெட்டு புள்ளி ஆறு. இத்தனை வருஷத்துல ஒரு நாள்கூட நூறைத் தொடலை."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மேற்குத் தொடர்ச்சி மலையில், ஏலக்காய் விளைகிற இடத்தில், அத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட நூறு மில்லிமீட்டர் பெய்யவில்லையா? மழைக்கு என்ன, நூறைக் கண்டால் பயமா?

"எடுத்துப் போட்ட வரிகளைக் காட்டும்மா."

லேப்டாப்பைத் திருப்பினாள். பார்த்தேன்.

முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் எழுதிய கடிதத்தை யாரோ கையில் கொடுத்ததுபோல இருந்தது. என் எண்கள். வரிசை வரிசையாக, புள்ளிக்குக் கீழே புள்ளி நிற்க...

யூசுப் பிறந்த வருஷம், நவம்பர் முதல் பாதி, பதினைந்து நாளும் ஒரே வரியில். அந்த வரி அங்கேதான் இருந்தது! அதன் நடுவில் இப்படி ஒன்று:

42.0 96.8131.4 12.6

"இதைப் பாருங்க மேடம்," என்றாள் கார்த்திகா. "தொண்ணூத்தாறு புள்ளி எட்டு ஒண்ணு மூணு ஒண்ணு புள்ளி நாலு. ஒரே நம்பர்ல ரெண்டு புள்ளி. இப்படி ஒரு நம்பரே உலகத்துல கிடையாது. அதான் அந்த வரியையே விட்டுட்டோம்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அது ஒரு எண் இல்லை. இரண்டு எண்.

இந்த இடத்தில் உங்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். பயப்படாதீர்கள், இரண்டே நிமிஷம்.

இன்றைய புரோகிராம்கள் எண்களை எப்படிப் பிரித்துப் படிக்கும்? நடுவில் இடைவெளி இருக்கிறதா என்று பார்க்கும், அல்லது கமா இருக்கிறதா என்று பார்க்கும். நாம் படிப்பதுபோலத்தான். பழைய மொழிகளுக்கு அந்தப் பழக்கம் இல்லை. அவற்றுக்கு எல்லாமே ரிசர்வேஷன் கோச். ஒவ்வொரு எண்ணுக்கும் இத்தனை சீட் என்று முன்கூட்டியே ஒதுக்கிவிட வேண்டும். ஃபார்மட் என்று அதற்குப் பெயர். நான் மழைக்கு ஒதுக்கியது ஐந்து சீட். அதில் புள்ளிக்கு ஒன்று, புள்ளிக்குப் பிறகு ஒன்று, மிச்சம் மூன்று புள்ளிக்கு முன்னால். மழை தொண்ணூற்றாறு புள்ளி எட்டு என்றால் நான்கு சீட்தான் நிரம்பும். இடது ஓரத்து சீட் காலி. பார்ப்பவர்களுக்கு அது இடைவெளி மாதிரித் தெரியும். ஆனால் அது இடைவெளி இல்லை, ஆள் வராத சீட்.

மழை நூறைத் தாண்டினால்? ஐந்து சீட்டும் நிரம்பிவிடும். பக்கத்து எண்ணை இடித்துக்கொண்டு உட்காரும். ஃபோர்ட்ரானுக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை. முதல் ஐந்து ஒரு எண், அடுத்த ஐந்து அடுத்த எண் என்று எண்ணிப் பிரித்துக்கொள்ளும். இடைவெளியைத் தேடும் புதிய புரோகிராமுக்கோ இரண்டும் சேர்ந்து ஒரே குப்பை.

புரிகிறதா என்ன நடந்தது என்று?

நூறைத் தாண்டிய மழைதான் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்ட வரிகள்தான் குப்பை என்று கழிக்கப்பட்டன. ஆக, எந்தெந்த அரை மாதத்தில் வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியதோ, சரியாக அந்த அரை மாதங்கள் மட்டும் கணக்கிலிருந்து காணாமல் போயின. தூறல் பத்திரமாக இருக்கிறது. வெள்ளத்தைக் காணோம். அந்தக் கணக்கை நம்பி ஒரு பாலம்!

ஹாலில் இருந்தவர்களிடம் எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன். ஆயிஷா மட்டும் உடனே பிடித்துக்கொண்டாள். கணக்கில் கெட்டி என்றேனே.

"அப்ப ஒன்பதாவது அஞ்சு சீட்டுல யாரு உக்காந்துருக்கா?" என்றாள்.

ஒரு வரியில் பதினைந்து நாள். முதல் ஐந்து இடம் வருஷத்துக்கும், மாதத்துக்கும், அதில் எந்தப் பாதி என்பதற்கும். அதைத் தள்ளிவிட்டு, பென்சிலை வைத்துக்கொண்டு ஐந்து ஐந்தாக எண்ணினேன். ஒன்று, இரண்டு... எட்டாவது, தொண்ணூற்றாறு புள்ளி எட்டு. ஒன்பதாவது, நூற்று முப்பத்தொன்று புள்ளி நாலு.

ஆயிஷா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? என் தோழி மோட்டார் ரூமில் உயிருக்குப் போராடிய அந்த நாளை, பின்னாளில் மதுரையில் ஃபேன் காற்றில் உட்கார்ந்து, அது எந்த நாள் என்றே கவனிக்காமல், ஐந்து எழுத்துக்குள் அடக்கி வைத்திருக்கிறேன்.

கார்த்திகா நல்ல இஞ்சினியர். அதனால் உடனே சரி என்று சொல்லவில்லை.

"மேடம், நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும். ஆனா ஃபைல்ல இருந்து மட்டும் நான் எப்படி எடுத்துக்கிறது? ஒரு எழுத்து தள்ளிப் பிரிச்சா வேற நம்பர் வருமே? இடம் பார்த்துத்தான் பிரிக்கணும்ங்கிறதுக்கு எழுத்துல ஏதாவது இருக்கா?"

நியாயமான கேள்வி. என் வாயை மட்டும் நம்பிப் பாலத்தை உயர்த்த முடியுமா? நான் எழுதிய புரோகிராம் இப்போது எங்கேயும் இல்லை. அந்தக் கம்பெனியே இல்லை.

"ஃபைலோட முதல் வரியைக் காட்டு," என்றேன், சும்மா ஒரு நப்பாசையில்.

"அதுல ஏதோ கோட் மாதிரி இருந்துச்சு மேடம். குப்பைன்னு ஸ்கிப் பண்ணிட்டோம்."

மேலே தள்ளிப் போனாள். முதல் வரி: I2,I2,I1,15F5.1

அடி ஜெபமாலை! என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன்.

ஜெபமாலை யார்? எங்கள் மூன்று பேர் கம்பெனியின் மூன்றாவது ஆள். ராயப்பன்பட்டிக்காரி. ரிஜிஸ்டரைப் பார்த்து டைப் செய்வது அவள் வேலை. ஃபைல் தயாரான அன்றே கேட்டாள்: "மல்லிகா, பெரிய நம்பரெல்லாம் ஒட்டிக்கிட்டு நிக்குது. நடுவுல ஒரு எடம் விட்டா என்ன?"

ஆனால் எண்பது எழுத்துக்குள் ஒரு வரி. அதில் பதினைந்து நாளை அடக்கினால் ஒரு மாதம் இரண்டே வரியில் முடியும். முப்பத்தொன்றாம் தேதிக்கு மட்டும் தனி வரி. எனக்கு அந்தக் கச்சிதத்தில் அவ்வளவு பெருமை! "மெஷின்தான் படிக்கப்போகுது. மனுஷனா படிக்கப்போறான்?" என்றேன்.

மறுநாள் என் புரோகிராம் ஓடாமல் நின்றது. பார்த்தால், ஃபைலின் தலையில் இந்த வரியை டைப் செய்து வைத்திருக்கிறாள். எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து இருந்தால் ஃபோர்ட்ரான் அங்கேயே படுத்துவிடும். அவளைத் திட்டினேன். அவள் அழித்தாள். மறுபடி எழுதினாள். மறுபடி திட்டினேன். கடைசியில் அலுத்துப்போய், முதல் வரியைத் தாண்டிப் படி என்று புரோகிராமையே மாற்றிவிட்டேன். வரி அங்கேயே தங்கிவிட்டது.

15F5.1 என்றால் என்ன அர்த்தம்? பதினைந்து எண்கள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து இடம், புள்ளிக்குப் பிறகு ஒரு இடம். அவ்வளவுதான். நான் இத்தனை நேரம் உங்களுக்குப் பத்தி பத்தியாகச் சொன்னதெல்லாம் அந்த ஆறு எழுத்தில் இருக்கிறது.

கார்த்திகா அந்த வரியையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "மேடம்... சாவியே கதவுல தொங்கியிருக்கு. நாங்கதான் பார்க்கலை."

"நான் மட்டும் என்ன? நடுவுல ஒரு இடம் விட்டிருந்தா உனக்கு இந்த வேலையே இல்லை," என்றேன். சபையில் ஒப்புக்கொள்வது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. ஒப்புக்கொண்டபின் நிம்மதி.

ஜமால் அண்ணன் அதோடு விடவில்லை. எஸ்டேட்டில் அவருக்குத் தெரிந்த கிளார்க் ஒருவர், குமுளிப் பக்கம் மலையாளக்காரர். அவரை ஃபோனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்.

"பழைய ரிஜிஸ்டரா? எல்லாம் உண்டு சாரே. மேல பெட்டியில. இப்போ எடுக்கணுமா?"

"இப்பவே வேணும் தம்பி. நவம்பர் ஒன்பதாம் தேதி, எம் மகன் பொறந்த வருஷம்."

"அரை மணிக்கூர் தா."

அந்த அரை மணி நேரம் இருக்கிறதே... டீ வந்தது. யாரும் குடிக்கவில்லை. நான் மட்டும் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ரிஜிஸ்டரில் முப்பத்தொன்று புள்ளி நாலு என்று இருந்தால்? அந்த ஒன்று எங்கள் டைப்பிங் பிழையாக இருந்தால்? ஆயிஷாவைப் பார்த்துச் சிரித்தவர்கள் இன்னும் உரக்கச் சிரிப்பார்களே?

வாட்ஸ்அப் சத்தம் கேட்டது. ஜமால் அண்ணன் ஃபோனை என்னிடம் நீட்டினார். செல்லரித்த பக்கம். நீல மை. ஒன்பது என்ற தேதிக்கு நேரே, அழகான கையெழுத்தில்: 131.4. பக்கத்தில் யாரோ ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை கிறுக்கியிருந்தார்கள். ரோடு மூடல் என்று.

கார்த்திகா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு எழுந்து ஆயிஷாவிடம் போனாள்.

"மன்னிச்சிருங்கம்மா. நீங்க அன்னைக்கே சொன்னீங்க."

ஆயிஷா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ என்ன தாயி பண்ணுவ? எனக்கு யாரையும் ஜெயிக்கணும்னு இல்லை. அந்தப் பக்கம் இன்னும் பதினெட்டு வீடு கெடக்கு. வீட்டுக்கு ஒரு மருமக இருக்கா. எல்லாத்துக்கும் ஒரு வீராயி அக்கா கிடைப்பாளா?"

சிரித்தவர் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தார். எழுந்து வந்து, "அக்கா, மனசுல வச்சுக்கிறாதீக," என்றார். ஆயிஷா அவரைப் பார்த்த பார்வையில் மன்னிப்பு முக்கால், முறைப்பு கால்.

அன்று சாயங்காலமே ஜெபமாலைக்கு ஃபோன் போட்டேன். பேசிப் பல வருஷம் ஆகிவிட்டது. நம்பர் கிடைக்கவே நாலு பேரிடம் விசாரிக்க வேண்டியிருந்தது. கதை முழுக்கச் சொன்னேன்.



"மல்லிகா, அந்த வரியை நானாவா எழுதுனேன்? எனக்கு அந்த எழுத்துக்கு அர்த்தமே தெரியாதே!"

"தெரியாமயா ரெண்டு தடவை எழுதி என்கிட்டத் திட்டு வாங்குன?"

"நீதான் அந்த வரியை ஒரு பேப்பர்ல எழுதிச் சொவத்துல ஒட்டி வச்சிருந்த. புரோகிராம் ஓடலைன்னா அதைத்தான் பாப்ப. இது இல்லைன்னா இவளுக்கே ஓடாது போலன்னு நெனைச்சேன். நாளைக்கு நீ கல்யாணமாகிப் போயிருவ, நானும் போயிருவேன். பின்னாடி வர்றவுக திண்டாடக் கூடாதுல்ல? அதான் ஃபைல்லயே எழுதிட்டேன்."

தனக்குப் புரியாத ஒரு வரியை, யாரென்றே தெரியாத ஒருவருக்காக, திட்டு வாங்கிக்கொண்டு எழுதி வைத்திருக்கிறாள். ஃபோர்ட்ரான் படித்தவள் நான். ஃபார்மட் எதற்கு என்று புரிந்துகொண்டவள் அவள். இத்தனை வருஷம் கழித்து ஒரு 'தேங்க்ஸ்' சொன்னேன். ரொம்பச் சின்ன வார்த்தையாக இருந்தது.

"போடி... நீ திட்டுனது எனக்கு ஞாபகமே இல்லை," என்றாள்.

அந்தப் பழைய மொழியைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒதுக்கிய இடத்தில் ஒரு எண் அடங்கவில்லை என்றால் ஃபோர்ட்ரான் என்ன செய்யும் தெரியுமா? அடங்குகிற அளவுக்கு வெட்டிப் போட்டு ஏமாற்றாது. அந்த இடம் முழுக்க நட்சத்திரமாக அச்சடித்துவிடும். என்னால் முடியவில்லை, நீ வந்து பார் என்று அர்த்தம். அந்தக் காலத்தில் நட்சத்திரத்தைப் பார்த்தால் எரிச்சலாக வரும். இப்போது மரியாதை வருகிறது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல நம்மில் எத்தனை பேருக்கு வருகிறது?

பிறகு நடந்தவை மளமளவென்று நடந்தன என்று எழுத ஆசைதான். நடக்கவில்லை. கார்த்திகா அந்த ஃபைலை இடம் பார்த்துப் பிரித்து முதலிலிருந்து படித்தாள். கழித்துப் போட்டிருந்த அரை மாதங்கள் எல்லாம் திரும்பி வந்தன. யூசுப் பிறந்த நாளைவிடப் பெரிய மழைகூட இரண்டு இருந்தது. ஒவ்வொன்றையும் எஸ்டேட் ரிஜிஸ்டரோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். அறக்கட்டளைக்காரர்களிடம் போய், தன் வரைபடம் தப்பு என்று தானே சொன்னாள். சும்மா இல்லை, அதற்குத் தைரியம் வேண்டும். பாலம் மூன்றரை அடி உயர்ந்தது. வேலை தொடங்க நாலு மாதம் தள்ளிப்போனது. அந்த நாலு மாதமும் ஊரில் சிலர் ஆயிஷாவோடு பேசவில்லை. அவள் வாயால் பாலம் நின்றுபோச்சு என்று பேச்சு. அவள் என்னிடம் ஃபோனில் அழுத நாட்களும் உண்டு. இந்த ஆடியில்தான் பாலத்தில் முதல் வண்டி ஓடியது.

இப்போது போன செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

திங்கள் மத்தியானம் பிடித்த மழை விடவே இல்லை. தேனியிலேயே ரோடெல்லாம் ஆறு. செவ்வாய்க் காலை ஏழு மணிக்கு ஆயிஷா ஃபோன். "மல்லிகா, கெளம்பி வா," என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நான் போய்ச் சேரும்போது மணி பத்தரை. பாலத்தின் மேல் பாதி ஊர் குடையோடு நின்றுகொண்டிருந்தது.

கீழே எட்டிப் பார்த்தேன். செம்மண் நிறத்தில் தண்ணீர், மரக்கிளைகளை உருட்டிக்கொண்டு போனது. அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்கவில்லை. பழைய தரைப்பாலம் இருந்த இடமே தெரியவில்லை. ஜமால் அண்ணன் ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, பாலத்தின் அடிப்பகுதிக்கும் தண்ணீருக்கும் நடுவில் அளந்தார்.

"ரெண்டடி இருக்கு!" என்று கத்தினார்.

இரண்டடி. முதல் வரைபடப்படி கட்டியிருந்தால்? மூன்றரையில் இரண்டு போக... நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீர் பாலத்தின் உடம்பில் ஒன்றரை அடி உயரத்துக்கு மோதிக்கொண்டிருக்கும். மரக்கிளைகள் அடைத்து, மேலேயும் ஏறியிருக்கும். பாலம் நின்றிருக்குமா என்று கார்த்திகாவிடம் ஃபோனில் கேட்டேன். "தெரியலை மேடம்," என்றாள். அந்தப் பதிலுக்காகவே அவளை எனக்குப் பிடிக்கும்.

நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே பால் வண்டி போனது. பள்ளிக்கூடம் லீவு என்று தெரிந்தும் வேடிக்கை பார்க்க இரண்டு பிள்ளைகள் ஓடினார்கள். ஒரு நிறைமாசக்காரி மாமியாரோடு ஆட்டோவில் செக்கப்புக்குப் போனாள். குறுக்கே ஓர் ஓடை இருப்பதாகவே அவளுக்குத் தோன்றியிருக்காது. ஃபோனைப் பார்த்துக்கொண்டே போய்விட்டாள். ஆயிஷா அந்த ஆட்டோவைக் கண்ணிலிருந்து மறையும் வரை பார்த்தாள். பிறகு வானத்தைப் பார்த்து, வாய்க்குள் ஏதோ சொன்னாள். நானும் என் பங்குக்குச் சொல்லிக்கொண்டேன். வீராயி அக்காவுக்கு, நீல மையில் எழுதிய அந்த முகம் தெரியாத மனிதருக்கு, ஜெபமாலைக்கு, தப்பைத் தப்பென்று சொன்ன அந்தக் கோயம்புத்தூர்ப் பெண்ணுக்கு... பட்டியல் நீளமாகத்தான் இருந்தது.

ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு குறை. பாலம் ரொம்ப உயரமாகிவிட்டதாம், சைக்கிளில் ஏறும்போது மூச்சு வாங்குகிறதாம்.

வாங்கட்டுமே!